பெயரெச்சம் தெரிந்தவருக்கு அட்ஜெக்டிவ் கிளாஸ்: ஆங்கில வாக்கியங்களை இணைக்கப் பழகும் முறை

ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுதிவிடுகிற பலர், இரண்டைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டிய இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். "ஐ மெட் எ டாக்டர். ஷி ஸ்பீக்ஸ் ஃபோர் லாங்வேஜஸ்." இதில் தப்பேதும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க இப்படியே போனால் படிப்பவருக்குத் தடுக்கித் தடுக்கி நடப்பதுபோல் இருக்கும். "ஐ மெட் எ டாக்டர் ஹூ ஸ்பீக்ஸ் ஃபோர் லாங்வேஜஸ்" என்றால் சொல்ல வந்தது ஒரே வீச்சில் முடிகிறது. இதில் 'ஹூ' தொடங்கி கடைசிவரை உள்ள பகுதிதான் அட்ஜெக்டிவ் கிளாஸ். முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் எப்படிப்பட்டது, எதைக் குறிக்கிறது என்று சொல்லும் துணை வாக்கியம் அது. அதைப் பெயர்ச்சொல்லோடு இணைக்கும் 'ஹூ', 'விச்', 'தட்' போன்றவை ரிலேட்டிவ் புரொநவுன்கள்.

பெரும்பாலான பாடங்கள் 'மனிதருக்கு ஹூ, பொருளுக்கு விச்' என்ற பட்டியலோடு தொடங்குகின்றன. அந்தப் பட்டியல் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும், சிக்கல் அங்கே இல்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, வரிசை தலைகீழாகிறது. இன்னொன்று, தமிழ் சொல்லாமலே விட்டுவிடுகிற ஓர் உறவை ஆங்கிலம் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றவை தானாக வழிக்கு வரும்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துவிட்டு, ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். கண்ணால் பார்த்துவிட்டுப் போவதைவிட அது நன்றாக மனதில் பதியும்.

முதல் படி: பெயரை முன்னால் கொண்டுவாருங்கள்

தமிழில் 'நேற்று வந்த பையன்' என்கிறோம். 'வந்த' என்பது பெயரெச்சம். அது பெயருக்கு முன்னால் நின்று, 'பையன்' வந்ததும் நிறைவு பெறுகிறது. ஆங்கிலத்தில் முதலில் பையன், அதன் பிறகுதான் அவனைப் பற்றிய செய்தி: "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே".

ஆகவே எழுத உட்காரும்போது உங்கள் மனதில் உள்ள தமிழ்த் தொடரில் முதலில் பெயரெச்சத்தைத் தேடுங்கள். செய்த, செய்கிற, செய்யும், செய்யாத என்ற நான்கு வடிவங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அது எந்தப் பெயரில் போய் முடிகிறது என்று பாருங்கள். அந்தப் பெயரை முதலில் எழுதிவிட்டு, பெயரெச்சத்தையும் அதற்கு முன்னால் இருந்த எல்லாவற்றையும் பின்னால் வையுங்கள்.

இங்கேயே காலத்தையும் கவனித்துவிடுவது நல்லது. 'வரும்' என்ற ஒரே வடிவம் 'தினமும் வரும் ரயில்' என்பதிலும் இருக்கிறது, 'நாளை வரும் ரயில்' என்பதிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது "தி டிரெயின் தட் கம்ஸ் எவ்ரி டே", இரண்டாவது "தி டிரெயின் தட் வில் கம் டுமாரோ". எதிர்மறை இன்னும் ஒரு படி மேலே. 'வராத மாணவர்கள்' என்பதில் காலமே இல்லை. நேற்று வராதவர்களா, எப்போதுமே வராதவர்களா, இதுவரை வந்து சேராதவர்களா? தமிழில் சூழல் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் "ஹூ டிட் நாட் கம்", "ஹூ டு நாட் கம்", "ஹூ ஹேவ் நாட் கம்" என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'ஆத' என்று முடியும் பெயரெச்சத்தை மொழிமாற்றும் ஒவ்வொரு முறையும் 'எப்போது?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இரண்டாம் படி: அந்தப் பெயர் உள்ளே என்ன வேலை செய்கிறது?

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். 'எழுதிய' என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள். எழுதிய பெண், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய கடிதம். பெண் எழுதினாள், பேனாவால் எழுதினேன், அறையில் எழுதினேன், அன்று எழுதினேன், கடிதத்தை எழுதினேன். உறவு ஒவ்வொன்றிலும் வேறு. ஆனாலும் 'எழுதிய' என்ற சொல் கொஞ்சமும் மாறவில்லை. 'ஆல்', 'இல்', 'ஐ' என்ற வேற்றுமை உருபுகள் எல்லாம் மறைந்துவிட்டன, கேட்பவர் தானாகப் புரிந்துகொள்கிறார்.

ஆங்கிலம் அந்த மறைந்த உறவை வெளியே எடுத்து வைக்கிறது.

எழுதிய பெண்: "தி கேர்ள் ஹூ ரோட்"
எழுதிய பேனா: "தி பென் வித் விச் ஐ ரோட்"
எழுதிய அறை: "தி ரூம் வேர் ஐ ரோட்"
எழுதிய நாள்: "தி டே வென் ஐ ரோட்"
எழுதிய கடிதம்: "தி லெட்டர் தட் ஐ ரோட்"

ஆறில் 'செயல்' என்ற வகை ஆரம்பத்தில் அதிகம் தேவைப்படாது, அதை விட்டுவிடலாம். மற்ற ஐந்தையும் பிடித்துக்கொண்டால் ரிலேட்டிவ் புரொநவுன் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது. தொடரை ஒரு முழு வாக்கியமாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள், மறைந்த உருபு வெளியே வந்துவிடும். அதுவே எந்தச் சொல் வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

'நான் பேசிய நண்பர்' என்ற தொடரைப் பாருங்கள். நண்பரோடு பேசினேனா, நண்பரைப் பற்றிப் பேசினேனா? தமிழில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆங்கிலத்தில் "தி ஃப்ரெண்ட் ஐ ஸ்போக் டு" வேறு, "தி ஃப்ரெண்ட் ஐ ஸ்போக் அபௌட்" வேறு. அந்த 'டு'வையும் 'அபௌட்'டையும் விட்டுவிட்டு "தி ஃப்ரெண்ட் ஐ ஸ்போக்" என்று நிறுத்துவது நாம் அடிக்கடி செய்கிற பிழை. தமிழில் உருபு மறைந்தே பழகியதால் நம் காதுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

மூன்றாம் படி: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

மனிதர் செய்பவராக இருந்தால் 'ஹூ'. பொருளோ விலங்கோ என்றால் 'விச்' அல்லது 'தட்'. வீட்டில் பெயர் வைத்து வளர்க்கிற பிராணிக்கு 'ஹூ' போடுவதும் வழக்கம்தான். இந்தப் பிரிவு எப்போதும் இருந்ததல்ல. 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில் பரலோகத்தில் இருக்கும் பிதாவை அழைக்கும் ஜெபத்திலேயே 'விச்'தான் வருகிறது. இன்று அப்படி எழுதக் கூடாது.

மனிதர் செயப்படுபொருளாக இருந்தால் இலக்கணப்படி 'ஹூம்'. 'ஹி' வருமா 'ஹிம்' வருமா என்று கேட்டுப் பாருங்கள். "ஐ மெட் ஹிம்" என்பதால் "தி மேன் ஹூம் ஐ மெட்". பேச்சில் இன்று பெரும்பாலோர் 'ஹூ' என்றே சொல்கிறார்கள், அல்லது எதுவும் போடாமல் "தி மேன் ஐ மெட்" என்கிறார்கள். என் யோசனை: பேச்சில் 'ஹூம்'முக்காக நின்று யோசிக்காதீர்கள். முறையான கடிதத்திலும் தேர்வுத் தாளிலும் போடுங்கள். 'டு', 'வித்', 'ஆஃப்' போன்ற முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து வந்தால் மட்டும் 'ஹூம்' கட்டாயம்: "டு ஹூம்", "வித் ஹூம்", "போத் ஆஃப் ஹூம்".

நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. "தி மேன் ஹூம் ஐ பிலீவ் இஸ் ஆனஸ்ட்" என்று எழுதிவிடுவார்கள். 'ஐ பிலீவ்' பக்கத்தில் இருப்பதால் 'ஹூம்'தான் சரி என்று தோன்றும். 'ஐ பிலீவ்' என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவது "ஹி இஸ் ஆனஸ்ட்". ஆகவே "தி மேன் ஹூ ஐ பிலீவ் இஸ் ஆனஸ்ட்" என்பதே சரி.

உடைமைக்கு 'ஹூஸ்'. 'அப்பா டாக்டராக இருக்கும் பெண்' என்பது "தி கேர்ள் ஹூஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்". 'ஹூஸ்' வந்த பிறகு 'தி'யோ 'ஹர்'ரோ வராது. பொருளுக்கும் 'ஹூஸ்' போடலாம். "எ ஹவுஸ் ஹூஸ் டோர்ஸ் ஆர் ஆல் புளூ" நல்ல ஆங்கிலம்தான், தயங்க வேண்டாம். எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கமும் இதே ஒலிதான், ஆனால் அதற்கு நடுவில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) உண்டு. உடைமைச் சொல்லுக்குக் கிடையாது.

இடத்துக்கு 'வேர்', காலத்துக்கு 'வென்', காரணத்துக்கு 'வை'. 'வேர்' போட்டால் கடைசியில் 'இன்' தேவையில்லை. "தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்" தப்பு. "தி ஹவுஸ் வேர் ஐ லிவ்", "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்", "தி ஹவுஸ் ஐ லிவ் இன்" மூன்றும் சரி. "இன் தட் ஐ லிவ்" மட்டும் கூடாது. முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து 'தட்' நிற்காது.

இடப்பெயர் என்றாலே 'வேர்' என்று கை தானாகப் போகும், அதையும் கட்டுப்படுத்துங்கள். 'நான் வாங்கிய வீடு' என்பதில் வீடு இடமாக வரவில்லை, செய்பொருளாக வருகிறது. வீட்டை வாங்கினேன், வீட்டில் வாங்கவில்லை. ஆகவே "தி ஹவுஸ் தட் ஐ பாட்". இரண்டாம் படியை ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இங்கே தெரியும்.

'வாட்' இந்தக் குடும்பத்தில் சேராது. "தி திங் வாட் யு செட்" என்று எழுதக் கூடாது. 'வாட்' என்பதற்குள்ளேயே 'எதுவோ அது' என்ற பொருள் அடங்கியிருக்கிறது, அதற்கு முன்னால் இன்னொரு பெயர் வேண்டாம். "ஐ பிலீவ் வாட் யு செட்" அல்லது "ஐ பிலீவ் தி திங் தட் யு செட்", இரண்டில் ஒன்று. 'எவ்ரிதிங்', 'நத்திங்', 'ஆல்' போன்றவற்றுக்குப் பின்னால் 'தட்' போடுவதே இயல்பு: "எவ்ரிதிங் தட் ஐ நோ".

நான்காம் படி: இரட்டிப்பை நீக்குங்கள்

"தி புக் தட் ஐ பாட் இட் இஸ் மிஸ்ஸிங்." இந்த 'இட்' வரக் கூடாது. 'தட்' ஏற்கெனவே புத்தகத்தின் இடத்தில் நிற்கிறது. அதே வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டாம். "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே, ஹி இஸ் மை ஸ்டூடன்ட்" என்பதில் உள்ள 'ஹி'யும் இப்படித்தான்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தமிழில் 'யார் முதலில் வருகிறாரோ, அவருக்குப் பரிசு' என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது. அதில் 'யார்', 'அவர்' இரண்டும் தேவை. ஆங்கில 'ஹூ'வை நம் மனம் அந்த 'யார்' என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஜோடியாக ஒரு 'அவர்' தேடுகிறது.

எழுதி முடித்ததும் வினைச்சொற்களை எண்ணுங்கள். ஒரு அட்ஜெக்டிவ் கிளாஸ் உள்ள வாக்கியத்தில் முக்கிய வாக்கியத்துக்கு ஒரு வினை, துணை வாக்கியத்துக்கு ஒரு வினை என்று குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். "தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே" என்று முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் முடியவில்லை. வந்தவர் என்ன ஆனார்?

'ஹூ', 'விச்', 'தட்' துணை வாக்கியத்தின் எழுவாயாக இருந்தால், அதன் வினை முன்னால் உள்ள பெயரோடு ஒருமை பன்மையில் ஒத்துப்போக வேண்டும். "தி கேர்ள் ஹூ சிங்ஸ்", "தி கேர்ள்ஸ் ஹூ சிங்".

ஐந்தாம் படி: பக்கத்திலேயே வையுங்கள்

எந்தப் பெயரை விளக்குகிறதோ அதை ஒட்டியே அட்ஜெக்டிவ் கிளாஸ் வர வேண்டும். "ஐ கேவ் தி பேக் டு மை ஃப்ரெண்ட் தட் ஐ பாட்" என்றால் நண்பரை விலைக்கு வாங்கியதுபோல் ஆகிவிடும். வரிசையை மாற்றி "ஐ கேவ் மை ஃப்ரெண்ட் தி பேக் தட் ஐ பாட்" என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: காற்புள்ளி வேண்டுமா?

இது வெறும் நிறுத்தக்குறி விஷயம் இல்லை, பொருளே மாறும்.

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட் இஸ் எ நர்ஸ்."
"மை பிரதர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் எ நர்ஸ்."

முதல் வாக்கியத்தைப் படிப்பவர், எழுதியவருக்குப் பல சகோதரர்கள் இருக்கிறார்கள், அவர்களில் வெளிநாட்டில் இருப்பவரைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதில் ஒரே சகோதரர்தான், வெளிநாட்டில் இருப்பது கூடுதல் தகவல். துணை வாக்கியத்தை நீக்கினாலும் யாரைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் இரண்டு பக்கமும் காற்புள்ளி போடுங்கள். தெளிவு போய்விடும் என்றால் போடாதீர்கள். முன்னால் ஒன்று போட்டுவிட்டுப் பின்னால் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஃபினிஷ்ட் எர்லி வென்ட் ஹோம்" என்றால் முன்னதாக முடித்தவர்கள் மட்டும் வீட்டுக்குப் போனார்கள். காற்புள்ளிகளுக்கு நடுவில் வைத்தால் எல்லா மாணவர்களும் முடித்தார்கள், எல்லோரும் போனார்கள். அலுவலக அறிவிப்பு, ஒப்பந்தம் போன்றவற்றில் இந்த வேறுபாடு பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

காற்புள்ளிக்குப் பின்னால் 'தட்' வராது. 'ஹூ' அல்லது 'விச்'தான். காற்புள்ளி இல்லாத இடத்தில் பொருள்களுக்கு 'தட்', 'விச்' இரண்டும் இலக்கணப்படி சரியே. 1926-இல் ஹென்றி ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில், காற்புள்ளி இல்லாத இடத்துக்கு 'தட்', உள்ள இடத்துக்கு 'விச்' என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என்று யோசனை சொன்னார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதை விதியாகவே பின்பற்றுகிறார்கள். பிரிட்டிஷ் எழுத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. புதிதாகப் பழகுகிறவர் அந்தப் பிரிவையே வைத்துக்கொள்ளலாம், எந்த நாட்டு வாசகருக்கும் அது உறுத்தாது.

காற்புள்ளியோடு வரும் 'விச்'சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. "ஹி அபாலஜைஸ்ட், விச் சர்ப்ரைஸ்ட் மி." இங்கே 'விச்' எந்தப் பெயரையும் சுட்டவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார் என்ற முழுச் செய்தியையும் சுட்டுகிறது. பேச்சிலும் மின்னஞ்சலிலும் நன்றாகக் கைகொடுக்கும் அமைப்பு இது.

எதை விடலாம், எதைச் சுருக்கலாம்

ரிலேட்டிவ் புரொநவுன் செயப்படுபொருளாக இருந்தால் விட்டுவிடலாம். "தி புக் தட் ஐ பாட்" என்பதை "தி புக் ஐ பாட்" என்று சொல்லலாம். அடுத்து 'ஐ', 'யு', 'மை மதர்' என்று புதிதாக ஓர் எழுவாய் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விடலாம். நேராக வினை வந்தால் விடக் கூடாது: "தி பாய் கேம் யெஸ்டர்டே இஸ் மை ஸ்டூடன்ட்" தப்பு. காற்புள்ளியோடு வரும் வகையிலும் விடக் கூடாது.

"தி உமன் ஹூ இஸ் ஸ்டாண்டிங் அட் தி டோர்" என்பதை "தி உமன் ஸ்டாண்டிங் அட் தி டோர்" என்றும், "தி லெட்டர்ஸ் தட் வேர் ரிட்டன் பை மை ஃபாதர்" என்பதை "தி லெட்டர்ஸ் ரிட்டன் பை மை ஃபாதர்" என்றும் சுருக்கலாம். இவை நம் பெயரெச்சத்துக்கு மிக நெருங்கியவை, அதனால் நமக்கு எளிதாக வரும். அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. 'நேற்று வந்த ஆள்' என்பதை "தி மேன் கமிங் யெஸ்டர்டே" என்று சுருக்க முடியாது. 'இங்' வடிவம், நடந்துகொண்டிருப்பதற்கும் நிலையாக இருப்பதற்கும்தான் பொருந்தும். ஒருமுறை நடந்து முடிந்ததற்கு "ஹூ கேம்" என்று முழுதாகவே எழுத வேண்டும்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றைப் படிப்படியாக மாற்றுங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் நோட்டில் எழுதிவிடுங்கள்.

'என் தங்கை வேலை செய்யும் மருத்துவமனை': உள்ளே அது இடம், மருத்துவமனையில் வேலை செய்கிறாள். "தி ஹாஸ்பிடல் வேர் மை சிஸ்டர் வொர்க்ஸ்".

'என் தங்கை கட்டிய மருத்துவமனை': இப்போது அது செய்பொருள். "தி ஹாஸ்பிடல் தட் மை சிஸ்டர் பில்ட்".

'பதில் வராத கடிதங்கள்': கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, உருபு 'கு'. காலம்? இதுவரை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "தி லெட்டர்ஸ் டு விச் தேர் ஹேஸ் பீன் நோ ரிப்ளை".

கடைசியாகக் கொஞ்சம் பெரியது: 'நான் போன வாரம் பேசிய, இரண்டு மகள்களும் மருத்துவம் படிக்கும் ஆசிரியை எழுதிய கடிதம் இன்று வந்தது.' மூன்று பெயரெச்சங்கள். பேசிய, படிக்கும் என்ற இரண்டும் ஆசிரியையில் முடிகின்றன, எழுதிய என்பது கடிதத்தில். ஒரே வாக்கியமாக எழுதினால்: "தி லெட்டர் ரிட்டன் பை தி டீச்சர் ஐ ஸ்போக் டு லாஸ்ட் வீக், ஹூஸ் டூ டாட்டர்ஸ் ஆர் போத் ஸ்டடியிங் மெடிசின், அரைவ்ட் டுடே." இலக்கணம் சரிதான், ஆனால் 'லெட்டர்' என்ற எழுவாய்க்கும் 'அரைவ்ட்' என்ற வினைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்ப் பெயரெச்சங்கள் அடுக்கி வந்தாலும் தாங்கும், ஆங்கில வாக்கியம் அந்த அளவுக்குத் தாங்காது. இரண்டாகப் பிரியுங்கள்: "தி டீச்சர் ஐ ஸ்போக் டு லாஸ்ட் வீக் ரோட் மி எ லெட்டர், விச் அரைவ்ட் டுடே. ஷி ஹேஸ் டூ டாட்டர்ஸ், போத் ஆஃப் ஹூம் ஆர் ஸ்டடியிங் மெடிசின்."